விவரத்தில் உள்ளபடி இல்லை

பழைய பாட்டு செட்டுகளை இணையத்தில் ஏலம் விடுகிறவர்கள் எழுதுகிற மொழி எனக்கு இப்போது தண்ணி பட்ட பாடு. ‘டெஸ்ட் செய்தது, ஓகே’ என்று எழுதியிருந்தால், பிளக்கைச் சொருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். ‘சின்ன சர்வீஸ் தேவைப்படலாம்’ என்றால் அது செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ‘வயதுக்கேற்ற கீறல்கள்’ என்றால் யாரோ மாடியிலிருந்து உருட்டிவிட்டிருக்கிறார்கள். ‘எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, மாமாவுடையது’ என்று எழுதுகிறவன்தான் எல்லாம் தெரிந்த ஆள். திறந்து பார்த்து, நல்ல உறுப்புகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மூடிவிட்டு, மாமாவின் தலையில் பழியைப் போட்டிருப்பான். முன்பக்கத்தை மட்டும் ஆறு படம் போட்டிருந்தால் பின்பக்கத்தை நாம் பார்க்கக் கூடாது என்று அர்த்தம்.

இதையெல்லாம் நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் இந்த ஏலத்திலேயே கிடந்து கற்றேன்.

இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன் நான். ஏறும்போது எண்ணெய் துடைக்கிற ஆளாக ஏறினேன், இறங்கும்போது ஃபிட்டராக இறங்கினேன். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இது பெரிய விஷயமில்லை. வீட்டுக்கு ஒருவர் வலையோடு கடலில் இருப்பார், இல்லாவிட்டால் கப்பலில் இருப்பார். கப்பலில் சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்கு ஆசையைச் சொல்வார்கள். ஒருவன் மாடி எடுக்க வேண்டும் என்பான், ஒருவன் விசைப்படகு வாங்க வேண்டும் என்பான். நான் மட்டும், இறங்கியதும் ஒரு நல்ல செட் வாங்கி வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்க வேண்டும் என்பேன். சிரிப்பார்கள். அந்த இரைச்சலில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று சிரித்தவர்களுக்கும் தெரியும்.

ஒரு பாட்டு இருக்கிறது. பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால், புல்லாங்குழல் ஓய்கிற இடத்தில், ஒரு சின்ன மணி பன்னிரண்டு தடவை அடிக்கும். பதினெட்டு வயதில், எதிர் வீட்டுக் கப்பல்காரர் கொண்டுவந்த செட்டில் முதல்முறை கேட்டேன். பாட்டில் எனக்குப் பிடித்ததே அந்த மணிதான். கடைசிக் கப்பலை விட்டு இறங்கி வந்ததும் போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். மணி இல்லை. தீப்பெட்டி அளவு ஸ்பீக்கரில் என்ன கேட்கும் என்று விட்டுவிட்டேன். டிவியில் போட்டேன். இல்லை. இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் தகர டப்பா, அந்தக் காலத்து செட்டில்தான் அந்தக் காலத்து மணி கேட்கும் என்று முடிவு கட்டினேன். ஒரே ஒரு முறை அந்த மணியைச் சரியாகக் கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு நான் செய்த எல்லாக் கூத்துக்கும் இதுதான் காரணம்.

எங்கள் ஊர்க்காரனுக்கு ஏலம் புதிதில்லை. மீன் ஏலத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விட்டார்களாம். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த ஏலத்தில் விற்கிறவனுக்கு மட்டும் தெரியும்.

முதலில் ஓர் ஆம்ப்ளிஃபையர் எடுத்தேன். ‘ஒரே ஆள் உபயோகித்தது, உள்ளே தூசிகூட இல்லை’ என்று எழுதியிருந்தான். தூசி இல்லைதான். பல்லி முட்டைகளும், முட்டையிட்ட பல்லியின் எலும்புக்கூடும் இருந்தன. அடுத்து ஒரு ஜோடி ஸ்பீக்கர். ‘எல்லாம் ஒரிஜினல்’. முன்னால் இருந்த துணியைக் கழற்றினால் உள்ளே ஏதோ காரிலிருந்து பிடுங்கின ஸ்பீக்கரை நான்கு ஆணியில் அறைந்து வைத்திருந்தான். மூன்றாவதாக ஒரு கேசட் டெக். ‘இதுவரை திறக்கப்படவே இல்லை’. திருகாணிகளின் தலைகள் எல்லாம் தேய்ந்து மொட்டையாகக் கிடந்தன, உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. என் கையில் இரண்டு நாள் அந்தக் கறுப்பு போகவில்லை.

ஏலத் தளத்தில் புகார் சொல்வதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் காரணம் கேட்கும் இடத்தில் ‘விவரத்தில் உள்ளபடி இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டு, கீழே நாம் எழுதலாம். நான் எழுதினேன். மூன்று பேரையும் கிழித்துத் தொங்கவிட்டேன். பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு ஒரு ருசி கண்டுவிட்டது, மறைக்க விரும்பவில்லை. கப்பலில் இருபத்திரண்டு வருஷம் மேலே இருக்கிறவன் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டினவன், வீட்டில் உட்கார்ந்து ஒரு விரலால் ஊர் பேர் தெரியாதவனின் சட்டையைப் பிடித்து உலுக்க முடிகிறது என்றால் சும்மா இருப்பேனா?

அதற்குப் பிறகு வந்த செட்டுகள் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தன. பல்லி இல்லை, ஆணி இல்லை. பாட்டைப் போட்டால் மட்டும் மணி வராது. மணி மட்டுமில்லை, ஜால்ரா வராது, பாடுகிறவள் ‘ச’ சொன்னாலும் ‘ஷ’ சொன்னாலும் காற்று மாதிரி ஒன்று வரும். ஸ்பீக்கர் பெட்டிக்குள் உச்ச ஒலிக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், ட்வீட்டர் என்பார்கள். அது செத்துப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். ஒன்றில் இல்லை, வந்த எல்லாவற்றிலும். இந்த நாட்டில் ட்வீட்டர் செத்த ஸ்பீக்கரை நல்லது என்று விற்கிற கூட்டமே இருக்கிறது என்று நம்பி, ஒவ்வொருவர் மேலும் புகார் எழுதினேன்.

என் மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுவிட்டு, “நல்லாத்தான கேக்கு” என்பாள்.

“ஒனக்கு என்ன தெரியும்? குக்கர் விசில் கேக்குத காதுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்பேன். அவள் உள்ளே போய்விடுவாள். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு முறை இது நடந்தது.

என் காதை நான் நம்பினதற்கு ஒரு காரணம் உண்டு. எஞ்சின் ரூமில் பேரிங் தேய ஆரம்பித்தால் கருவி வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் நாங்கள் திருப்புளியை வைத்துப் பார்ப்போம். நீளமான திருப்புளியின் முனையை ஓடுகிற பம்பின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் எலும்பில் அழுத்தினால், உள்ளே நடப்பது மண்டைக்குள் கேட்கும். அதில் நான் கெட்டிக்காரன். சீஃப் எஞ்சினியரே, “அவனைக் கூப்பிடு, அவன் காது சொல்லட்டும்” என்பார். அதற்காகவே காதை மூடுகிற கவசத்தை ஒரு பக்கம் தூக்கிவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பேன். வீட்டிலும் அதையே செய்தேன். பாட்டை ஓடவிட்டு, திருப்புளியைப் பெரிய ஸ்பீக்கரின் விளிம்பில் வைத்தால் ‘தொம் தொம்’ என்று மண்டை அதிரும். ட்வீட்டரின் விளிம்பில் வைத்தால் கல்லில் வைத்தது மாதிரி இருக்கும். செத்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரு முறை மீட்டரை எடுத்துச் சுற்றைச் சோதித்தேன். மீட்டர் நன்றாக இருக்கிறது என்றது. மீட்டரைச் சந்தேகப்பட்டு வேறு மீட்டர் வாங்கினேன். அதுவும் அதையே சொன்னது. அப்படியானால் பெட்டிக்குள் இருக்கிற வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்று எழுதிப் புகாரை அனுப்பிவிட்டேன். இரண்டு மீட்டர் சொல்லியும் எனக்குத் தோன்றவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சாத்தான்குளத்துக்காரர் ஒருவரின் ஏலக் குறிப்பைப் பார்த்தேன். நானும் எத்தனையோ படித்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் படித்ததில்லை. பின்பக்கம், அடிப்பக்கம், உள்பக்கம் எல்லாவற்றுக்கும் படம். இடது பெட்டியின் கீழ் மூலையில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒட்டுப்பலகை உப்பியிருக்கிறது என்று, பக்கத்தில் தன் விரலை வைத்துப் படம் எடுத்துப் போட்டிருந்தார். வலது பெட்டியின் துணி மாற்றப்பட்டது, நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும் என்று எழுதியிருந்தார். கடைசியில், ‘இரண்டு பெட்டியிலும் உச்ச ஒலி, அடி ஒலி எல்லாம் சரியாக வருகிறது. மூன்று நாள் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்’ என்று இருந்தது. கடைசியாக ஒரு மனுஷன் கிடைத்தான் என்று நினைத்தேன். ஏலத்தில் விடாமல் ஏறி ஏறி எடுத்துவிட்டேன்.

பெட்டிகள் வந்தன. கட்டின விதத்திலேயே ஒழுங்கு தெரிந்தது. உப்பல் சொன்ன இடத்தில் இருந்தது, வெளிறல் சொன்ன இடத்தில் இருந்தது. மனைவியைக்கூடக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். புல்லாங்குழல் ஓய்ந்தது. ஒன்றும் இல்லை. நேரே அடுத்த சரணம் வந்துவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பல்லியை வைத்து அனுப்பினவன்கூடத் தேவலை, அவன் ஏமாற்றுக்காரன் என்று பார்த்ததும் தெரிகிறது. இவன் நகம் அளவு உப்பலைச் சொல்லி நம்பவைத்து, பெரிய பொய்யை உள்ளே வைத்துவிட்டானே என்று நினைத்தேன். திருப்புளியை வைத்துப் பார்த்தேன். கல். அன்றைக்கு எழுதின புகார் மாதிரி நான் எப்போதும் எழுதினதில்லை. இந்த ஆளை இனிமேல் விற்கவே விடக் கூடாது என்று முடித்திருந்தேன்.

மறுநாள் போன் வந்தது.

“அண்ணாச்சி, நான் சாத்தான்குளத்துலருந்து பேசுதேன். அந்த ஸ்பீக்கர் குடுத்தது நாந்தான். புகார மட்டும் வாபஸ் வாங்கிருங்க அண்ணாச்சி. கொரியர்ல ஒடஞ்ச ஒண்ணுக்கு ஏற்கெனவே என் மேல ஒரு புகார் கெடக்கு. இது ரெண்டாவது. அக்கவுண்ட்ட மூடிருவானுவ. எனக்கு இதுதான் பொழப்பு.”

“எழுதும்போது நெனச்சிருக்கணும். செத்த ட்வீட்டர நல்லதுன்னு எழுதுத ஆளுக்குப் பொழப்பு ஒரு கேடா?”

“செத்திருக்கா? ரெண்டுமா? நாளைக்கு நேர்ல வாரேன் அண்ணாச்சி. நீங்களே காட்டுங்க. செத்திருந்தா நானே தூக்கிட்டுப் போயிருதேன்.”

வரட்டும், முகத்துக்கு நேரே கேட்கலாம் என்று முகவரியைக் கொடுத்தேன்.

காலை பத்து மணிக்கு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு பை. நாசரேத்தில் பஸ் மாறி வந்தாராம். தன் மேல் புகார் எழுதினவன் வீட்டுக்கு வருகிறபோதும் வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒரு பொட்டலம் கருப்பட்டி கொண்டுவந்து என் மனைவியிடம், “உடன்குடிக் கருப்பட்டி அக்கா, கலப்படம் கெடையாது” என்று கொடுத்தார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், கருப்பட்டிக்கும் விவரம் எழுதுகிறான் என்று. என் மனைவி டீயும் நாலு மக்ரூனும் கொண்டுவந்து வைத்தாள். அவர் மக்ரூனைத் தொடவில்லை.

நான் பாட்டைப் போட்டேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார். அந்த இடம் வந்தது, போனது. நிறுத்தினேன்.

“பாத்தீங்களா? மணி எங்க?”

“எந்த மணி அண்ணாச்சி?”

“புல்லாங்குழல் நிக்குத எடத்துல வரும்லா. பன்னெண்டு தடவ.”

“அதான் அடிச்சிச்சே” என்றார்.

எழுந்து நின்றுவிட்டேன். என் வீட்டில், என் முன்னால் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்கிறானே என்று வந்தது. ஏதோ கத்தினேன், என்னவென்று இப்போது நினைவில்லை. அவர் பதறவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, “அக்கா, ஒரு நிமிசம் இங்கன வாங்க” என்று கூப்பிட்டார். “பாட்டு போடுதேன். நீங்க சொவரப் பாத்து நில்லுங்க. மணி அடிக்கும்போதெல்லாம் வெரல மட்டும் தூக்குங்க. நானும் இந்தச் சொவரப் பாத்து நிக்கேன்.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை. பாட்டு ஓடியது. புல்லாங்குழல் ஓய்ந்தது. என் மனைவியின் விரல் உயர்ந்தது. அதே நொடியில் அவர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையில் ஒரு விரல் உயர்ந்தது. இரண்டும் இறங்கின, மறுபடி உயர்ந்தன. எண்ணினேன். பன்னிரண்டு. எனக்கு அந்த நேரம் முழுக்கக் கேட்டது மேலே ஓடின மின்விசிறியின் இரைச்சல் மட்டும்தான்.

அவர் பையிலிருந்து ஒரு ஒயரை எடுத்துத் தன் போனை ஆம்ப்ளிஃபையரில் மாட்டினார். போனில் வெறும் சத்தத்தை மட்டும், அடி ஒலியிலிருந்து உச்ச ஒலிக்கு, எண் எண்ணாக ஏற்றிக்கொண்டே போகலாம். ஆயிரத்தில் கேட்டது. இரண்டாயிரத்தில் தூரத்தில் எங்கேயோ கேட்டது. அதற்கு மேல் நின்றுவிட்டது. “நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் முகம் கோணிப்போயிருந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, “போதும், நிறுத்துங்க, காதக் குத்துது” என்றாள். எனக்கு அந்த அறையில் ஒன்றுமே நடக்கவில்லை.

அவர் ஒயரைக் கழற்றிச் சுருட்டினார். ஜெயித்த களை கொஞ்சம் அந்த முகத்தில் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். “அண்ணாச்சி எஞ்சின்லயா வேல பாத்தீங்க?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். “கெளம்புங்க” என்றேன். புகாரைப் பற்றி அவர் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, என் மனைவியிடம் வாரேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அந்தப் புகாரைத் திரும்பப் பெற்றிருக்கலாம். ஒரு விரல் வேலை. நான் செய்யவில்லை. திரும்பப் பெற்றால் காது போய்விட்டது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ செய்தார்கள் என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்தேன். கட்டின மனைவியையும் முன்பின் தெரியாத மனுஷனையும் கூட்டுச் சேர்த்துப் பார்க்கிற அளவுக்கு என் புத்தி போனது. நாலு நாள் யாரிடமும் பேசாமல் கிடந்தேன். ஐந்தாவது நாள் காது பரிசோதிக்கிற இடத்துக்குப் போனேன்.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அந்தப் பொத்தான் கைக்கு வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் அது எனக்குப் பழகின பொத்தான். ஒவ்வொரு முறை கப்பல் ஏறும் முன்னாலும் மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் இதுவும் உண்டு. காது தேறவில்லை என்றால் கப்பல் கிடையாது. அதற்கு எங்களிடம் ஒரு வித்தை இருந்தது. சத்தத்தை அனுப்புகிறவர் விசையைத் தொடும்போது அவர் முழங்கை லேசாக அசையும். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, அசைந்ததும் அழுத்த வேண்டும். ஒரு சீனியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டு அலமாரியில் என் சான்றிதழ்கள் ஒரு கட்டு இருக்கின்றன. எல்லாவற்றிலும் கேட்கும் திறன் இயல்பு என்று முத்திரை குத்தியிருக்கிறது. டெஸ்ட் செய்தது, ஓகே. பல்லி முட்டைக்காரனை அவ்வளவு பேசினேனே, என்னைப் பற்றின விவரத்தை வருஷா வருஷம் பொய்யாக எழுதவைத்துக் கப்பலுக்கு விற்றவன் நான்தான்.

இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பரிசோதித்த பெண் ஒரு தாளைக் காட்டினாள். ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், படகுத்துறைப் படிக்கட்டு தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. “இது நேத்து இன்னிக்கு வந்தது இல்ல சார். பத்துப் பதினஞ்சு வருஷமாவே இருந்திருக்கும்” என்றாள். “கப்பல் மெடிக்கல்ல யாரும் சொல்லலியா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளிவாகும், செத்தது செத்ததுதான் என்று, இவ்வளவு கடுமையாக இல்லாமல், சொன்னாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே சாத்தான்குளத்துக்குப் போன் போட்டேன்.

“என் காதுதான். ஒங்க ஸ்பீக்கர் நல்லா இருக்கு” என்றேன்.

“தெரியும் அண்ணாச்சி.”

“புகார இப்பவே எடுத்துருதேன்.”

“அக்கவுண்ட்ட முந்தா நாளே மூடிட்டானுவ” என்றார். குரலில் கோபம் இல்லை. “பரவால்ல அண்ணாச்சி. காதுக்கு ட்ரீட்மெண்ட் எதும் உண்டும்னாங்களா?”

பணம் எனக்குத் திரும்பி வந்துவிட்டது, பெட்டிகளை நானே சாத்தான்குளத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். “வேண்டாம், கொரியர்லயே போட்டுருங்க” என்றார். அதற்குப் பிறகு நான் போட்ட எந்தப் போனையும் அவர் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஏலத் தளத்தில் உட்கார்ந்தேன். திரும்பப் பெறுகிற இடத்தைக் காணோம். உதவி என்ற இடத்தில் எழுதினேன். முடிந்துபோன புகாரை மறுபடி திறக்க முடியாது என்று பதில் வந்தது. தப்பு என்னுடையது, என் காது கேட்காது, பொருள் விவரத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று எழுதினேன். ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று வந்தது. காதுப் பரிசோதனைத் தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். அதே வரி மறுபடி வந்தது. ஒரு ஆளை அழிப்பதற்கு அதில் எவ்வளவு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். அழித்தவன் வந்து அழுவதற்கு ஓர் இடம் வைக்கவில்லை. பழைய புகார்களை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று பேரும் திருடர்கள், அதில் சந்தேகமில்லை. மற்றவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் வழியில்லை.

சாயங்காலம் பெட்டிகளைத் திருப்பி அனுப்பக் கட்ட உட்கார்ந்தேன். என் மனைவி வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்து அட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் டேப்பை ஒட்டினேன். பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்னேன். முன்னால் நின்று, முகத்தைப் பார்த்துப் பேசினால் தெரியும், பின்னாலிருந்தோ அடுத்த அறையிலிருந்தோ பேசினால் தெரியாது என்று சொன்னார்கள் என்றேன்.

அவள் அட்டையை விட்டுவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள்.

“அப்ப காதுதானா? வேற ஒண்ணும் இல்லியா?”

எனக்குப் புரியவில்லை. வேறு என்ன இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

“நீங்க வந்ததுலருந்து குசினிக்குள்ள இருந்து கூப்பிடுவேன். திரும்ப மாட்டிய. பக்கத்துல படுத்துக்கிட்டு எதாவது சொல்லுவேன். அந்தப் பக்கம் பாத்தே கெடப்பிய. இத்தன வருசம் கடல்ல இருந்துட்டு வந்த மனுசன், நம்மள வேண்டாம்னுட்டாருன்னு நெனச்சேன்.”

“கேட்டிருக்கலாம்லா?”

“எப்படிக் கேக்குதது? என்னப் பிடிக்கலியான்னா கேக்க முடியும்?” அவள் மறுபடி அட்டையைப் பிடித்துக்கொண்டாள். “அதான் கூப்பிடுதத விட்டுட்டேன்.”

எப்போது விட்டாய் என்று கேட்டேன். போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னாலேயே என்றாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் கூப்பிட்டதும் எனக்குத் தெரியாது, நிறுத்தியதும் எனக்குத் தெரியாது.